கனடாவை விட்டுக் கிளம்புகிறீர்களா? டிஎஃப்எஸ்ஏ கணக்கை என்ன செய்வது

கனடாவில் நாலைந்து வருடம் வேலை பார்த்த பலரிடமும் டிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லா சேமிப்புக் கணக்கு ஒன்று இருக்கும். கிளம்பும்போது அதை மூட வேண்டுமா, அப்படியே விட்டுவிட்டுப் போகலாமா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். நான் மிசிசாகாவிலிருந்து நியூஜெர்சிக்கு மாறும்போது வங்கிக் கிளையில் இருந்தவர் "கண்டிப்பாக மூடித்தான் ஆக வேண்டும்" என்றார். அதே வங்கியின் தொலைபேசிச் சேவையில் "முகவரியை மட்டும் மாற்றுங்கள், போதும்" என்றார்கள். இரண்டுமே தப்பு.

சரியான பதில் இதுதான். கணக்கை வைத்திருக்கலாம். நீங்கள் கனடாவில் வசிக்காதவர் ஆன பிறகும், உள்ளே வளர்வதற்கோ, எடுப்பதற்கோ கனடா வரி கேட்காது. ஆனால் போன நாளிலிருந்து அதில் ஒரு டாலர்கூடப் போடக் கூடாது. அப்புறம், கனடா வரி கேட்காது என்பதற்காக நீங்கள் போகிற நாடும் கேட்காமல் இருக்கும் என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் கேட்கும். சிக்கலெல்லாம் இந்த இரண்டு இடத்தில்தான் வருகிறது. வேலைகளில் பாதியை விமானம் ஏறுவதற்கு முன்பே முடித்தாக வேண்டும் என்பதால், மூன்று மாதம் முன்பாகவே தொடங்குவது நல்லது.

1. முதலில் "கிளம்பிய தேதி" எது என்று முடிவு செய்யுங்கள்

டிக்கெட்டில் இருக்கும் தேதிதானே என்று நினைப்பீர்கள். எப்போதும் அப்படி இல்லை. சிஆர்ஏ என்று எல்லோரும் சொல்லும் கனடா வருவாய் முகமை முக்கியமாக மூன்று பிணைப்புகளைப் பார்க்கும்: வீடு, கணவன் அல்லது மனைவி, உங்களை நம்பியிருக்கும் பிள்ளைகள். ஓட்டுநர் உரிமம், ஹெல்த் கார்டு, வங்கிக் கணக்கு எல்லாம் இரண்டாம் பட்சம். டிஎஃப்எஸ்ஏவை வைத்திருப்பதால் மட்டுமே உங்களைக் கனடாவாசி என்று சொல்லிவிட மாட்டார்கள்.

பொதுவான விதி: நீங்கள் கிளம்பிய நாள், குடும்பம் கிளம்பிய நாள், புது நாட்டில் வசிப்பவர் ஆன நாள், இந்த மூன்றில் எது கடைசியோ அதுதான் தேதி. நீங்கள் ஜனவரியில் டல்லாஸ் போய், பிள்ளைகளின் பள்ளி முடிந்து குடும்பம் ஜூலையில் வந்தால், ஜூலை வரை நீங்கள் கனடாவாசியாகவே கணக்கிடப்படலாம். இடையில் வரி ஒப்பந்தம் வேறு மாதிரி முடிவு சொல்லவும் வாய்ப்பு உண்டு. அந்த மாதிரி இரண்டு பக்கமும் கால் இருக்கிறவர்கள் மட்டும் ஒரு கணக்காளரிடம் காசு கொடுத்துக் கேட்டுவிடுங்கள்.

ஊருக்கே திரும்புகிறவர்களுக்கு ஒரு விலக்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. கனடா வருவதற்கு முன்பு எந்த நாட்டில் வசித்தீர்களோ அதே நாட்டுக்குத் திரும்பிக் குடியேறினால், பொதுவாக நீங்கள் கிளம்பிய நாளே தேதி. வீட்டை விற்கவோ, பள்ளி ஆண்டு முடியவோ மனைவி சில மாதம் பின்தங்கினாலும் அது மாறாது. சென்னையிலிருந்து வந்து சென்னைக்கே திரும்பும் குடும்பத்துக்கு இது பொருந்தும், சென்னையிலிருந்து வந்து துபாய் போகும் குடும்பத்துக்குப் பொருந்தாது.

என்ஆர்73 என்ற படிவத்தை நிரப்பி அனுப்பினால் சிஆர்ஏவே உங்கள் நிலை பற்றிக் கருத்துச் சொல்லும். அது கட்டாயமில்லை. நிலைமை தெளிவாக இருப்பவர்கள் அதை அனுப்பி, வேண்டாத கேள்விகளை வரவழைத்துக்கொள்ள அவசியமில்லை என்பது என் கருத்து.

2. எவ்வளவு போட இடம் இருக்கிறது என்று பாருங்கள்

இதை இங்கே எல்லோரும் "ரூம்" என்றுதான் சொல்வார்கள். 2026இல் ஒரு வருட ரூம் 7,000 டாலர். திட்டம் தொடங்கிய 2009 முதல் கூட்டினால் 1,09,000 டாலர் வரும். ஆனால் அந்தப் பெரிய தொகை 2009இலேயே 18 வயதைத் தாண்டி, அன்றிலிருந்து கனடாவிலேயே வசித்தவருக்கு. 2021இல் வந்தவருக்கு 2021 முதல்தான் கணக்கு. புதிதாக வந்தவர்கள் அதிகம் மாட்டுவது இதில்தான்.

கிளம்பும் வருடத்தில் ஒரு நல்ல விஷயம்: அந்த வருடத்தில் கொஞ்ச நாள் வசித்திருந்தாலும் முழு 7,000 டாலர் கிடைக்கும். மாதக் கணக்கில் குறைக்க மாட்டார்கள். ஜனவரி நடுவில் கிளம்புகிறவர் 1ஆம் தேதிக்குப் பிறகு, கிளம்பிய தேதிக்கு முன்பாக, முழுத் தொகையையும் போட்டுவிடலாம். ஆனால் இதைச் செய்வதற்கு முன் 3ஆம் படியைப் படியுங்கள். அமெரிக்கா போகிறவருக்கு இது நல்ல யோசனை இல்லை.

சிஆர்ஏவின் இணையக் கணக்கில் காட்டும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். முந்தைய வருடப் போக்குவரத்தை வங்கிகள் பிப்ரவரி கடைசி வரை அனுப்பிக்கொண்டிருக்கும். நடப்பு வருடத்தில் நீங்கள் போட்டது அதில் இருக்காது. வங்கி அறிக்கைகளை வைத்து நீங்களே ஒரு தாளில் எழுதிக் கூட்டிப் பாருங்கள்.

3. போகிற நாடு இந்தக் கணக்கை எப்படிப் பார்க்கிறது?

வைத்திருப்பதா மூடுவதா என்பதை முடிவு செய்வது இந்தப் படிதான். மற்றதெல்லாம் நடைமுறை.

*அமெரிக்கா.* ஓய்வூதியக் கணக்கான ஆர்ஆர்எஸ்பிக்கு இரு நாட்டு வரி ஒப்பந்தத்தில் பாதுகாப்பு உண்டு. டிஎஃப்எஸ்ஏவுக்கு இல்லை. வட்டி, டிவிடெண்ட், விற்ற லாபம் எல்லாவற்றுக்கும் அமெரிக்காவில் வருடாவருடம் வரி. வரியைவிடத் தொல்லை கொடுப்பது படிவங்கள்தான்.

வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரு நாளாவது 10,000 அமெரிக்க டாலரைத் தாண்டினால் எஃப்பார் என்ற வெளிநாட்டுக் கணக்கு அறிக்கை. தொகை இன்னும் பெரிதானால், அமெரிக்காவில் வசிக்கும் தனிநபருக்கு வருடக் கடைசியில் 50,000 டாலருக்கு மேல் இருந்தால், வெளிநாட்டுச் சொத்துகளைச் சொல்லும் படிவம் 8938. கணக்குக்குள் கனடிய மியூச்சுவல் ஃபண்டோ, பங்குச் சந்தையில் வாங்கி விற்கும் ஃபண்டான ஈடிஎஃப்போ இருந்தால் ஒவ்வொரு ஃபண்டுக்கும் படிவம் 8621 என்ற தனிக் கணக்கு. அதன் வரி முறை மிகக் கடுமையானது. இதற்கெல்லாம் மேலே, டிஎஃப்எஸ்ஏவை வெளிநாட்டு டிரஸ்ட் என்று கருதிப் படிவம் 3520, 3520-ஏ போட வேண்டுமா என்ற கேள்வியில் வரி நிபுணர்களே இரண்டு கட்சி. போட வேண்டியிருந்து போடாமல் விட்டால் அபராதம் 10,000 டாலரில் தொடங்கும் என்பதால், பாதுகாப்புக்காகப் போடச் சொல்கிறவர்கள் உண்டு. அதற்குக் கணக்காளர் வாங்கும் கூலி, சின்னக் கணக்கு ஒன்றில் வரும் வருட வட்டியையே விழுங்கிவிடும்.

அதனால் அமெரிக்கா போகிறவர்களுக்கு நான் சொல்வது: போவதற்கு முன்பே எல்லாவற்றையும் விற்று, பணத்தை எடுத்து, கணக்கை மூடிவிடுங்கள். அதுவரை வந்த லாபத்துக்குக் கனடாவிலும் வரி இல்லை, அமெரிக்காவில் நீங்கள் இன்னும் வரி செலுத்துபவராகவே ஆகவில்லை. போன பிறகு விற்றால், 2019இல் 20 டாலருக்கு வாங்கிய பங்கு 60 டாலருக்குப் போனால், அந்த 40 டாலர் முழுவதும் அமெரிக்காவின் கண்ணில் லாபம். கனடாவில் இருந்தபோது ஏறியது என்று கழித்துத் தர மாட்டார்கள். என்ன ஆனாலும் கணக்கை வைத்திருப்பேன் என்கிறவர்கள்கூட, கிளம்புவதற்கு முன் உள்ளுக்குள்ளேயே விற்று மறுபடி வாங்கி, வாங்கிய விலையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். கணக்குக்கு வெளியே பணம் வராததால் ரூம் பாதிக்கப்படாது. ஃபண்டுகளைத் தவிர்த்துவிட்டு சாதாரண சேமிப்பாகவோ, ஜிஐசி என்ற நிரந்தர வைப்பாகவோ வைத்தால் படிவம் 8621 தொல்லையாவது குறையும்.

*பிரிட்டன்.* டிஎஃப்எஸ்ஏவை அங்கே ஐசா என்ற அந்த நாட்டு வரியில்லா சேமிப்புக் கணக்கு மாதிரி பார்க்க மாட்டார்கள், சாதாரண வெளிநாட்டுக் கணக்குதான். ஆனால் 2025 ஏப்ரல் 6 முதல் ஒரு சலுகை: குடியேறுவதற்கு முந்தைய 10 வரி ஆண்டுகள் பிரிட்டனில் வசிக்காதவர், குடியேறிய முதல் 4 ஆண்டுகள் வெளிநாட்டு வருமானத்துக்கும் லாபத்துக்கும் விலக்குக் கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், கேட்கும் வருடம் தனிநபர் வரி விலக்குத் தொகை போய்விடும். இரண்டையும் கூட்டிக் கழித்துப் பாருங்கள்.

*ஐக்கிய அரபு அமீரகம்.* தனிநபர் வருமான வரியே இல்லை. வைத்திருக்க இதைவிட வசதியான இடம் கிடையாது.

*இந்தியா.* ஊர் திரும்பிய முதல் இரண்டு மூன்று வருடம் பலருக்கு ஆர்என்ஓஆர் என்ற இடைநிலை கிடைக்கும். முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வெளிநாட்டுவாசியாக இருந்திருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் இந்தியாவில் தங்கியது மொத்தம் 729 நாளுக்குள் இருந்தாலோ அந்த நிலை. அந்தக் காலத்தில் டிஎஃப்எஸ்ஏ வருமானத்துக்கு இந்தியாவில் வரி வராது. அது முடிந்து முழு இந்தியவாசி ஆனதும் வரியும் வரும், வருமான வரிப் படிவத்தில் ஷெட்யூல் எஃப்ஏ என்ற வெளிநாட்டுச் சொத்துப் பட்டியலும் வரும். அந்தப் பட்டியல் நிதியாண்டுப்படி இல்லாமல் டிசம்பர் 31இல் முடியும் காலண்டர் ஆண்டுப்படி கேட்கும். ஆகவே டிசம்பர் அறிக்கையைத் தவறாமல் இறக்கி வையுங்கள். சொல்லாமல் விட்டால் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம் போடலாம். அசையாச் சொத்து தவிர்த்த வெளிநாட்டுச் சொத்துகள் மொத்தம் 20 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் 2024 அக்டோபர் முதல் அந்த அபராதம் கிடையாது. அதற்காகப் பட்டியலில் எழுதாமல் விடாதீர்கள். வெளிநாட்டில் வசித்தபோது சம்பாதித்துச் சேர்த்த கணக்கைத் திரும்பிய பிறகும் வைத்திருக்க ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டம் அனுமதிக்கிறது.

4. தானாகப் போகும் பணத்தை நிறுத்துங்கள்

சம்பளம் வந்த மறுநாள் 200 டாலர், 500 டாலர் என்று தானாகவே டிஎஃப்எஸ்ஏவுக்குப் போகும்படி வைத்திருப்பீர்கள். கனடியக் கணக்கில் மிச்சப் பணம் கிடந்தால், நீங்கள் நாடு மாறியது அதற்குத் தெரியாது, அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். வங்கியும் தடுக்காது.

வசிக்காதவராக இருக்கும்போது போட்ட பணத்துக்கு மாதம் 1 சதவீதம் வரி. அந்தப் பணத்தை எடுக்கும் வரையோ, நீங்கள் மறுபடி கனடாவாசி ஆகும் வரையோ ஏறிக்கொண்டே போகும். மாதம் 500 டாலர் வீதம் ஜனவரி முதல் டிசம்பர் வரை போனால், முதல் மாதம் 5 டாலர், அடுத்த மாதம் 10 என்று ஏறி வருடக் கடைசியில் 390 டாலர். அந்த 6,000 டாலருக்கு அதே வருடத்தில் கிடைத்த வட்டி இதில் பாதிகூட இருக்காது. ரூமையும் தாண்டிப் போட்டிருந்தால் அதற்கு இன்னொரு 1 சதவீதம் சேரும். கையில் ரூம் மிச்சம் இருக்கிறதே என்று போட்டாலும் முதல் 1 சதவீதத்திலிருந்து தப்ப முடியாது.

செயலியில் நிறுத்திவிட்டு, ஒரு மாதம் கழித்து அறிக்கையைப் பார்த்து உறுதி செய்யுங்கள். சில்லறையைச் சேர்த்துத் தானாகப் போடும் வசதியை மறந்துவிடாதீர்கள். கணக்குக்குள்ளேயே வரும் வட்டி, டிவிடெண்ட், முதிர்ந்த ஜிஐசி புதுப்பித்தல் இதெல்லாம் "போட்டது" ஆகாது, பயப்பட வேண்டாம்.

5. வங்கியிடமும் புரோக்கரிடமும் எழுத்தில் கேளுங்கள்

சட்டம் வைத்திருக்க விடுகிறது என்பதால் உங்கள் நிறுவனம் விடும் என்று சொல்ல முடியாது. வெளிநாட்டு முகவரி வந்ததும் சில புரோக்கர்கள் புதிதாக வாங்க விட மாட்டார்கள், விற்க மட்டும் விடுவார்கள். சிலர் கணக்கையே வேறு இடத்துக்கு எடுத்துப் போகச் சொல்வார்கள். மியூச்சுவல் ஃபண்டுகளில் இந்தக் கட்டுப்பாடு இன்னும் அதிகம். நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் "நான் இந்த நாட்டுக்குப் போகிறேன்" என்று பெயரைச் சொல்லியே கேட்க வேண்டும். நான்கு கேள்விகள் போதும்:

- இந்த நாட்டு முகவரியோடு டிஎஃப்எஸ்ஏவைத் தொடர முடியுமா?
- உள்ளே வாங்கி விற்க முடியுமா, விற்க மட்டுமா?
- வருடக் கட்டணம் மாறுமா?
- பணத்தை எடுத்தால் எந்தக் கணக்குக்கு அனுப்புவீர்கள்?

பதிலை மின்னஞ்சலிலோ, செயலிக்குள் இருக்கும் செய்திப் பெட்டியிலோ வாங்குங்கள். கிளையில் வாயால் சொன்னதற்கு மதிப்பில்லை என்பதை நான் முதல் வாரமே தெரிந்துகொண்டேன்.

வேறு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டி வந்தால், நேரடி மாற்றம்தான் செய்ய வேண்டும். புது நிறுவனத்தின் மாற்றப் படிவத்தை நிரப்பினால் அவர்களே பழைய இடத்திலிருந்து இழுத்துக்கொள்வார்கள். பழைய நிறுவனம் சுமார் 150 டாலர் கட்டணம் பிடிக்கலாம். புது நிறுவனம் திருப்பித் தருமா என்று கேட்டுப் பாருங்கள், பலர் தருவார்கள். கட்டணத்தை மிச்சம் பிடிக்க நீங்களே பணத்தை வெளியே எடுத்துப் புதுக் கணக்கில் போட்டால், போட்டது புதுப் பணமாகிவிடும். வசிக்காதவராக இருந்தால் மாதம் 1 சதவீதம் அங்கேயே தொடங்கிவிடும். கிளம்புவதற்கு முன் செய்தாலும் அதே வருடத்தில் ரூம் இல்லையென்றால் அளவு மீறியதாகும். மாற்றம் முடிய சில வாரம் ஆகும், கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் எங்கும் இருப்பார்கள். செய்யாதீர்கள். கணக்கு விவரங்களை நாடுகள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்கின்றன. அதோடு, உங்கள் மற்ற முதலீட்டுக் கணக்கில் வரும் கனடிய டிவிடெண்டுக்கு வசிக்காதவர் என்ற முறையில் 25 சதவீதம், ஒப்பந்த நாடு என்றால் பெரும்பாலும் 15 சதவீதம், பிடித்தாக வேண்டும். டிஎஃப்எஸ்ஏவுக்குள் இந்தப் பிடித்தம் இல்லை. குறைந்த விகிதம் வேண்டுமானால் என்ஆர்301 படிவத்தை அவர்களிடம் கொடுங்கள்.

6. கையில் இருக்க வேண்டியவை

கிளம்பிய தேதியை நிரூபிக்கும் காகிதங்கள்: விமானச் சீட்டு, வீட்டு ஒப்பந்தம் முடிந்த கடிதம் அல்லது விற்ற பத்திரம், புது நாட்டு வேலைக் கடிதம், அங்கே எடுத்த வாடகை ஒப்பந்தம். டிஎஃப்எஸ்ஏ தொடங்கிய நாளிலிருந்து போட்டது, எடுத்தது முழுப் பட்டியல். கிளம்பிய நாளுக்கான அறிக்கை. ஒவ்வொரு முதலீட்டையும் வாங்கிய தேதி, விலை. கணக்குக்கு வாரிசுதாரர் யார் என்று பதிந்த படிவத்தின் நகல்.

எல்லோரும் மறக்கும் ஒன்று, கைபேசி எண். வங்கியும் சிஆர்ஏ இணையக் கணக்கும் நீங்கள் பதிந்து வைத்த கனடிய எண்ணுக்குத்தான் குறுஞ்செய்திக் குறியீடு அனுப்பும். எண்ணை ரத்து செய்துவிட்டால் அடுத்த முறை உள்ளே நுழைய முடியாது. கிளம்புவதற்கு முன் குறியீட்டை ஓர் அங்கீகாரச் செயலிக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால் மலிவான முன்பணத் திட்டத்தில் அந்த எண்ணை உயிரோடு வைத்திருங்கள். பணத்தை எடுக்கும்போது வந்து விழ ஒரு சாதாரண கனடிய வங்கிக் கணக்கும் திறந்தே இருக்கட்டும்.

7. கிளம்பிய வருடத்து வரிப் படிவம்

அடுத்த வருடம் ஏப்ரல் 30க்குள் வழக்கமான டி1 படிவம், அதில் கிளம்பிய தேதியைக் குறிப்பிட வேண்டும். பலர் தேதியைப் போடாமலே அனுப்பிவிடுகிறார்கள். அப்படி விட்டால் சிஆர்ஏவுக்கு நீங்கள் இன்னும் கனடாவாசிதான். இணையத்தில் வருடாவருடம் புது ரூம் காட்டிக்கொண்டே இருக்கும், பின்னால் அதை நம்பி ஏமாறுவீர்கள்.

கிளம்பும்போது சொத்துகளை விற்றதாகப் பாவித்துப் போடும் வரியில் டிஎஃப்எஸ்ஏ சேராது. வெளியே வைத்திருக்கும் பங்குகள் சேரும். மொத்தச் சொத்து 25,000 டாலரைத் தாண்டினால் டி1161 பட்டியலும் வேண்டும். இதிலும் ரொக்கம், டிஎஃப்எஸ்ஏ, ஆர்ஆர்எஸ்பி சேராது. ஊரில் இருக்கும் மனையும் வீடும் சேருமா என்று எல்லோரும் கேட்பார்கள்: முந்தைய 10 வருடத்தில் 60 மாதமோ அதற்குக் குறைவாகவோதான் கனடாவில் வசித்தீர்கள் என்றால், வருவதற்கு முன்பே உங்களிடம் இருந்த ஊர்ச் சொத்து சேராது. 61வது மாதத்தில் கிளம்புகிறவருக்கு அந்த விலக்கு இல்லை. தேதியை ஒரு மாதம் முன்னதாக நகர்த்த முடிந்தால் யோசியுங்கள். டி1161 தாமதமானால் நாளுக்கு 25 டாலர், குறைந்தது 100, அதிகபட்சம் 2,500.

8. தப்பித் தவறிப் பணம் போய்விட்டால்

உடனே அந்தத் தொகையை வெளியே எடுங்கள். மாதம் மாறினால் இன்னொரு 1 சதவீதம். பிறகு ஆர்சி243 படிவத்தை, வசிக்காதவர் போட்ட பணத்துக்கான பி இணைப்போடு, அடுத்த வருடம் ஜூன் 30க்குள் அனுப்பி வரியைக் கட்டுங்கள். நியாயமான தவறு, தெரிந்ததும் எடுத்துவிட்டேன் என்று கடிதம் எழுதி வரியைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கலாம். கடிதத்தோடு, பணம் போன தேதியும் எடுத்த தேதியும் தெரியும் வங்கி அறிக்கையை இணையுங்கள். வங்கி தவறான தகவல் தந்திருந்தால், 5ஆம் படியில் எழுத்தில் வாங்கியது இங்கேதான் உதவும்.

9. திரும்பி வந்தால்

முழுக்க வெளியே இருந்த வருடங்களுக்கு ரூம் கிடையாது. 2022 ஆகஸ்டில் போய் 2026 மார்ச்சில் திரும்பியவருக்கு 2022க்கும் 2026க்கும் முழு ரூம் உண்டு. 2023க்கான 6,500, 2024க்கும் 2025க்குமான தலா 7,000, ஆக 20,500 டாலர் போனது போனதுதான். வெளியே இருந்தபோது எடுத்த பணத்துக்கான ரூம் எடுத்ததற்கு அடுத்த ஜனவரி 1 அன்று திரும்பச் சேரும், ஆனால் மறுபடி கனடாவாசி ஆன பிறகுதான் அதைப் பயன்படுத்த முடியும். இதனால்தான் ஒருநாள் திரும்பி வருவோம் என்று நினைக்கிறவர்கள், கணக்கை மூடும்போது எவ்வளவு எடுத்தோம் என்ற அறிக்கையைப் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். திரும்பிய முதல் வருடம் இணையத்தில் காட்டும் எண்ணோடு உங்கள் கணக்கு ஒத்துப்போகவில்லை என்றால், சிஆர்ஏவை அழைத்து நாடு விட்ட தேதியும் திரும்பிய தேதியும் பதிவில் இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டுப் பணத்தைப் போடுங்கள்.